நாயகியின் ஐந்தாவது வரி

ஆறாவது மாடியில் விளம்பரப் பிரிவு. படம், தொடர், பாட்டு என்று எதையும் விட்டுவைக்காத அந்தப் பெரிய நிறுவனத்தில், எல்லாமே பிரமாதம் என்று ஊருக்குச் சொல்வதற்காகவே இருபத்திரண்டு பேர் சம்பளம் வாங்கினார்கள். இருபத்து மூன்றாவதாகப் பயிற்சிக்குச் சேர்ந்தவள் அவள். சேர்ந்து மூன்று மாதமாகியும் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. ‘கத்துக்குட்டி’ என்றால் திரும்பிப் பார்ப்பாள்.

பத்திரிகையில் வந்ததை வெட்டி ஒட்டுவாள். பேட்டி நடக்கும்போது கேமராவுக்குப் பின்னால் நின்று, இன்னும் எத்தனை நிமிடம் என்று விரல் காட்டுவாள். ரசிகர் கடிதங்களுக்கு, நட்சத்திரமே எழுதியதுபோலப் பதில் எழுதி, கையெழுத்து அச்சடித்த புகைப்படத்தோடு அனுப்புவாள். இதெல்லாம் சில்லறை வேலை. பெரிய வேலை, பேசாதவர்களைப் பேச வைப்பது. பத்திரிகைகளுக்குப் போகும் குறிப்பில் இயக்குநர் சொன்னதாக நாலு வரி, நாயகி சொன்னதாக நாலு வரி இருக்கும். அவர்கள் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார்கள். எழுதி அனுப்பினால் ‘சரி’ என்று ஒரே ஒரு வார்த்தை பதில் வரும், அப்புறம் அது அவர்கள் சொன்னதுதான். அந்தக் குறிப்புகளை நம்பினால், கதை கேட்டதும் உடம்பு சிலிர்க்காத நடிகர் உலகத்திலேயே கிடையாது.

ரேடியோ அறிவிப்பாளராக நாயகி நடித்த படம் வெளிவர இருந்தது. நாயகியோ வெளிநாட்டுப் படப்பிடிப்பில் இருந்தார்.

“ஏன் இந்தப் படத்தை ஒத்துக்கிட்டாங்கன்னு நாலு வரி எழுதும்மா. சிலிர்த்துச்சு கிலிர்த்துச்சுன்னு எழுதிடாதே, படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு” என்றார் மேலாளர். ஐம்பது வயதுப் பெண்மணி. அவரை எல்லாரும் மேடம் என்பார்கள்.

காலையிலிருந்து மதியம் வரை எழுதி எழுதி அழித்தாள். ஒன்றும் தேறவில்லை. கடைசியில், கையில் இருந்த ஒரே உண்மையை எடுத்து வைத்தாள்.

‘எனக்கு ஆறு வயதிருக்கும்போது, என் அம்மா என்னை வீட்டில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குப் போவார். துணைக்கு ரேடியோவைப் பாட விட்டுப் போவார். மதியச் செய்தி வந்தால் நான் சாப்பிட வேண்டும், மாலைச் செய்தி வந்தால் அம்மா வந்துவிடுவார். என்னை வளர்த்த அந்தக் குரல்களுக்காக இந்தப் படத்தை ஒப்புக்கொண்டேன்.’

மேடம் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தார். எங்கிருந்து பிடித்தாய் என்று கேட்கவில்லை, அந்தத் தொழிலில் அப்படிக் கேட்கும் வழக்கமில்லை. “அம்மா பாசம் கொஞ்சம் தூக்கலா இருந்தாதான் பேப்பர்ல போடுவாங்க” என்று சொல்லி, தன் கையால் ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்தார். ‘என் அம்மாவின் மேல் எனக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.’

அந்த வரியைப் பார்த்ததும் அவளுக்கு என்னவோபோல் இருந்தது. ஆனால் கத்துக்குட்டி மேடத்தைத் திருத்துகிற இடமா அது? வாயை மூடிக்கொண்டாள்.

ஐந்து வரியும் பற்றிக்கொண்டன. எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ஊர் திரும்பிய நாயகி அதைத் தொலைக்காட்சிப் பேட்டியில் அப்படியே ஒப்பித்தார். ஐந்தாவது வரியில் குரல் உடைந்தது, பேட்டி எடுத்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். விரல் காட்ட வேண்டியவள் விரலை மறந்து நின்றாள். வெளியே வந்ததும் நாயகி அவளிடம், “யாரும்மா எழுதினது? எங்க வீட்ல என்னைப் பாத்துக்கவே மூணு பேர் இருந்தாங்க, தெரியுமா?” என்று சிரித்தார். இவளும் சிரித்து வைத்தாள்.

ஊருக்கெல்லாம் செய்தி பரப்புகிறவளுக்கு, தன் வீட்டிலும் ஒரு டிவி இருப்பது மறந்துபோயிற்று.

ஞாயிற்றுக்கிழமை பேட்டி ஒளிபரப்பானது. அவள் குளித்துவிட்டு வரும்போது அம்மா டிவியை அணைத்துவிட்டு, துவைத்த துணிகளை மடியில் போட்டுக்கொண்டு மடிக்காமல் உட்கார்ந்திருந்தாள். ஆயத்த ஆடை தைக்கிற கம்பெனியில் இருபத்தைந்து வருடமாகக் கரண்ட் மெஷின் மிதிப்பவள். சும்மா உட்காரத் தெரியாதவள்.

“அவங்க அம்மாவும் பூட்டிட்டுத்தான் போவாங்களாம்டி” என்றாள்.

“ம்.”

“நான் ஒருத்திதான் அப்படிப்பட்ட பாவின்னு நினைச்சிருந்தேன். பெத்த பிள்ளையைப் பூட்டிட்டுப் போறவளும் ஒரு தாயான்னு பக்கத்து வீட்டுக்காரி கேட்டா. அன்னைக்கு எனக்கு வாயே வரல. இன்னைக்கு வரைக்கும் ஒருத்தர்கிட்ட சொன்னதில்ல.” துணியை எடுத்து மறுபடி கீழே வைத்தாள். “ஒருநாளும் கோபம் வந்ததில்லையாமே. நிஜமாவா இருக்கும்?”

“தெரியலம்மா” என்று சொல்லிவிட்டு அவள் சமையலறைக்குள் போய்விட்டாள்.

அப்போதே உடைத்துச் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? இருபது வருடத்துக்குப் பிறகு அம்மாவுக்கு ஒரு துணை கிடைத்திருக்கிறது. அந்தத் துணை நான் கட்டிவிட்ட கதை என்று சொன்னால், அம்மா மறுபடி ஒற்றை ஆளாகிவிடுவாள். அந்த வாரம் கம்பெனியில் கூட வேலை செய்கிறவர்களிடமும் அம்மா இதைச் சொல்லிவிட்டாள். ரெண்டு பேர் ‘நாங்களும் அப்படித்தான்’ என்றார்களாம். அம்மா முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. அம்மா எதிரே வரும்போதெல்லாம் அவள் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ரசிகர் கடிதங்கள் மூட்டையாக வந்தன. நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஒரு உறை. முகவரியைப் பார்த்ததும் கை நின்றுவிட்டது. பள்ளிக்கூட லீவு லெட்டரில் பார்த்துப் பழகிய, சாய்ந்த கையெழுத்து.

‘வணக்கம் அம்மா. உங்கள் பேட்டியைப் பார்த்தேன். நானும் என் மகளைப் பூட்டிவிட்டுப் போனவள்தான். அவளும் உங்கள் கம்பெனியில்தான் வேலை பார்க்கிறாள். அவளிடம் கேட்கத் தைரியம் இல்லாததால் உங்களைக் கேட்கிறேன். கரண்ட் போய் ரேடியோ நின்றுவிட்ட நாட்களில் நீங்கள் என்ன செய்தீர்கள்?’

அவ்வளவுதான் கடிதம்.

பதில் எழுதுவது அவள் வேலை. நாயகியின் பெயர் அச்சடித்த தாளை எடுத்தாள். ‘அன்புள்ள அம்மா, அப்போதும் எனக்குக் கோபம் வந்ததில்லை’ என்று எழுத ஒரு நிமிடம் போதும். அதை வாசித்துவிட்டு அம்மா சாகிறவரை நிம்மதியாக இருப்பாள். அவளும் யாருக்கும் பிடிபட மாட்டாள். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தாள். பிறகு கடிதத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு, தலைவலி என்று மேடத்திடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள்.

அம்மா வேலை முடிந்து வந்து, முகம் கழுவி உட்கார்ந்ததும், கடிதத்தை முன்னால் வைத்தாள்.

அம்மா அதைச் சட்டென்று கையில் எடுத்தாள். “இது எப்படிடி உன் கைக்கு வந்துச்சு?”

“அவங்களுக்கு வர்ற கடிதத்துக்கெல்லாம் பதில் எழுதுறது நான்தாம்மா. அவங்க டிவியில சொன்னதையும் நான்தான் எழுதினேன். அவங்கள யாரும் பூட்டல. அது நாம ரெண்டு பேரும்தான்.”

அம்மா கடிதத்தை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“அப்ப, கோபமே வரலன்னு சொன்னது?”

“அது மட்டும் மேடம் சேர்த்தது.”

“ஓ.”

“வந்துச்சும்மா. ரேடியோ பாடுற வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. கரண்ட் போனாதான் வரும்.”

அம்மா தலையாட்டினாள். “கரண்ட் போனா எங்க மெஷினும் நின்னுடும். எல்லாரும் அப்பாடான்னு காலை நீட்டுவாங்க. எனக்கு மட்டும், ஐயோ ரேடியோ நின்னிருக்குமேன்னு அடிச்சுக்கும். ஓடி வரவும் முடியாது, கேட்டைப் பூட்டி வச்சிருப்பாங்க.” புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “என்ன பண்ணுவ நீ?”

“எப்ப சாப்பிடணும்னு தெரியாது. நீ எப்ப வருவேன்னும் தெரியாது. அதனால நானே செய்தி வாசிப்பேன். மாலைச் செய்தி வந்தா நீ வந்துடுவேல்ல? கதவுகிட்ட உட்கார்ந்து அதையே வாசிப்பேன்.”

“என்னன்னு வாசிப்ப?”

அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு, செய்தி வாசிப்பவர்போல நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“செய்திகள். அம்மா மெஷினை நிறுத்திவிட்டார். அம்மா பஸ் ஏறிவிட்டார். அம்மா தெருமுனைக்கு வந்துவிட்டார். அம்மா சாவியைக் கையில் எடுத்துவிட்டார்.”

“அப்புறம்?”

“அப்புறம் நீ வர மாட்ட. மறுபடி மொதல்லேர்ந்து வாசிப்பேன்.”

அம்மா அழுதாள். சத்தமில்லாமல், வெகுநேரம் அழுதாள். பிறகு அம்மா எழுந்து வந்து, அவளை ஒட்டித் தரையில் உட்கார்ந்தாள்.

“வாசி” என்றாள். “மொதல்லேர்ந்து வாசி.”