தேரைக் குன்று வளர்ந்த கதை

மா ஒக்புன் நிமிர்ந்து பார்த்துப் பயந்த ஒவ்வொரு முறையும் தேரைக் குன்று ஓர் ஆள் உயரம் வளர்ந்தது. சொனாம் மாவட்டத்தில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முட்டைக்கோஸ் விலை ஏறுகிறது, மலையும் ஏறுகிறது என்று பேசிக்கொண்டு போனார்கள். ஒக்புன் பொதுக் குளியலகத்தில் பெண்களுக்கு முதுகு தேய்த்து அழுக்கெடுப்பவள். ஊரில் அவள் கை படாத பெண் முதுகு கிடையாது, மாவட்டத் தலைவர் ஜுவின் மனைவியுடையது உட்பட. முப்பது வருஷமாக விடியற்காலையில் குன்றேறி, உச்சிக் கல்லருகே நின்று "யாஹோ!" என்று அடிவயிற்றிலிருந்து ஒரு கத்து கத்துவாள். எதிர்மலையிலிருந்து அந்தக் குரல் திரும்பி வந்த பிறகுதான் அவளுக்கு நாள் ஆரம்பமாகும். ஓர் இலையுதிர் காலத்தில் இறங்கும்போது ஓக் மரத்துக் கொட்டைகளின் மேல் கால் வைத்து, அடிவாரம் வரை உருண்டு வந்தாள். அவளோடு சேர்ந்து உருண்ட கொட்டைகளை அரைத்து, அடிவாரத்தில் கடை வைத்திருக்கும் அவள் சிநேகிதி பொங்ஜா அந்தக் குளிர்காலம் முழுக்கக் கொட்டைக் கூழ்க்கட்டி விற்றாள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஒக்புனின் தொடையெலும்பு துண்டு துண்டாகிப் போயிருந்தது. ஆஸ்பத்திரியில் உள்ளே இரும்புக் கம்பி ஒன்றை வைத்துத் தைத்து அனுப்பினார்கள்.

எலும்பு கூடிவிட்டது, பயம் போகவில்லை. காலையில் ஜன்னலைத் திறப்பாள், குன்று கண்ணில் படும், தொடைக்குள் கம்பி சில்லிடும், குன்று ஓர் ஆள் உயரம் எழும்பும். தை மாதப் பனிக்குள் அது பக்கத்து ஓகம் மாவட்டத்தின் கொக்கு மலையைத் தாண்டிவிட்டது. மாவட்டத் தலைவர் ஜு ஆனந்தக் கண்ணீர் விட்டார். அவர் தாத்தா காலத்திலிருந்தே ஓகம்காரர்கள் தேரைக் குன்றை "மேடு" என்றுதான் சொல்லி வந்தார்கள். உச்சியில் உயரம் செதுக்கிய கல் இல்லாத மலை நம் ஊரில் மலையே இல்லையாதலால், குன்று வளர வளரப் புதிதாகக் கல் செதுக்கி மேலே ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். பழைய கல் பொங்ஜாவின் கடைக்கு உட்காரும் பலகையாக வந்து சேர்ந்தது. தலைநகரிலிருந்து பஸ் பஸ்ஸாக ஜனம் வந்தது. இமயமலைக்குப் போகிற உடுப்பும், கையில் ரெண்டு கோலும், முகத்தை மூடிய துணியுமாக ஏறுவார்கள். கல்லைக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு, இறங்கி வந்து பொங்ஜா கடையில் வெங்காயத்தாள் அடையும் அரிசிக் கள்ளுமாகச் சாய்ந்துவிடுவார்கள்.

ஒக்புன் வீட்டுக்கு மட்டும் விடியவில்லை. குன்றின் நிழல் கூரைமேல் விழுந்து, மதியத்துக்குத்தான் சூரியன் எட்டிப் பார்த்தது. மொட்டை மாடியில் ஜாடிக்குள் இருந்த சோயா விழுது கூடப் புளிக்க மறுத்தது.

"அந்தக் கத்தைக் கத்தாம நான் உசுரோட இருக்கறதும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதான்டி" என்றாள் பொங்ஜாவிடம்.

"அப்போ ஏறுக்கா. யாரு கையப் புடிச்சா?"

"பாத்தாலே வளருதேடி அந்தச் சனியன்!"

"அப்போ பாக்காம ஏறு" என்று அடையைத் திருப்பிப் போட்டாள் பொங்ஜா.

அவள் விளையாட்டாகச் சொன்னதை ஒக்புன் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். நம் ஊர்ப் பூங்காக்களில் உடம்புக்கு நல்லதென்று வயதானவர்கள் கை தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடப்பதும், முதுகை மரத்தில் மோதுவதும் தெரிந்ததுதானே. ஒக்புன் அந்த வித்தையைக் கையில் எடுத்தாள். குளியலகத்து வெந்நீர்த் தொட்டியில் தண்ணீரை எதிர்த்துப் பின்பக்கமாக நடந்தாள். பிறகு குளியலகப் படிகளில். பிறகு சந்தையில், முள்ளங்கிக் கூடைகளுக்கு நடுவே. சூடு பட்ட இரும்புக்கம்பி மெல்ல மெல்ல அவள் சொல் கேட்க ஆரம்பித்தது. அவள் பயம் குறையக் குறைய, குன்று ராத்திரியோடு ராத்திரியாகக் கொஞ்சம் அமுங்கியது.

பதறிப்போன மாவட்டத் தலைவர் ஜு, பண்டிகைக்குக் கொடுக்கிற டின் இறைச்சிப் பெட்டியோடு அவள் வீட்டுக்கே வந்துவிட்டார்.

"அக்கா, இந்த வயசுல பயம் உடம்புக்கு ரொம்ப நல்லதுங்க. கொஞ்சமாவது பயப்படுங்க. ஊருக்காக."

"தலைவரே, உங்க பேச்சுல இருக்கற அளவு அழுக்கு உங்க வீட்டம்மா முதுகுல கூட நான் எடுத்ததில்ல" என்றாள் ஒக்புன். பெட்டியை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டாள்.

மறுநாளே மலைப்பாதை முழுக்க மாவட்ட அலுவலகத்தின் துணி விளம்பரங்கள் தொங்கின. 'உங்கள் எலும்பு உங்களுக்கு வேண்டாமா?', 'போன வருஷம் விழுந்தவரை நினைத்துப் பாருங்கள்!' என்று ஆளுயர எழுத்தில், நடுவில் உடைந்த தொடையெலும்பின் வண்ணப் படத்தோடு. எல்லாம் ஏறுகிறவர் முகத்துக்கு நேராகக் கட்டியிருந்தன. ஒக்புனோ பின்பக்கமாக ஏறினாள். அவள் கண்ணில் பட்டதெல்லாம் துணிகளின் வெறும் வெள்ளைப் பின்பக்கமும், கீழே சின்னதாகிக்கொண்டே போன ஊரும்தான். கை தட்டிக்கொண்டே போனாள். கொட்டைகள் காலடியில் நெறுநெறுத்தன. எதிலோ முதுகு டமாரென்று மோதியது. வழக்கம்போல மரம்தான் என்று நினைத்து இன்னும் ரெண்டு மோது மோதிவிட்டுத் திரும்பினாள். உச்சிக் கல்!

அங்கேதான் ஒரு வருஷப் பயமும் ஒன்றாகக் கிளம்பியது. குன்று சும்மா இருக்குமா? அவளையும் கல்லையும் தலையில் தூக்கிக்கொண்டு எழும்பியது. கொக்கு மலை கீழே ஒரு பணியாரம் மாதிரி தெரிந்தது. வாத்துக் கூட்டம் ஒன்று அவள் முழங்காலுக்குக் கீழே பறந்தது; அதில் கடைசி வாத்து அவளைப் பார்த்துவிட்டு வழிவிட்டது. கல்லைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடினாள். கீழே போகவும் பயம், இருக்கவும் பயம், எப்படியும் பயம்தான் என்றானபிறகு வந்த வேலையையாவது முடிப்போமே என்று தோன்றியது. ஒரு வருஷமாகத் தொண்டையில் கிடந்ததை எடுத்து, "யாஹோ!" என்றாள்.

அவ்வளவு உயரத்தில் பதில் சொல்ல எதிர்மலை ஏது? சத்தம் வானத்தைச் சுற்றிப் போய், வெகுநேரம் கழித்து, களைத்துப்போய் மூச்சிரைக்க அவள் பின்பக்கமாகவே வந்து காதில் விழுந்தது. ஒக்புனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்கச் சிரிக்கக் குன்று இறங்கியது. அடக்க முடியாமல் தொடையைத் தட்டிச் சிரித்தாள். குன்று லிஃப்ட் மாதிரி இறங்கிவந்து, பழைய உயரத்தில், யாரோ உட்கார்ந்த மெத்தைபோல ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. மிச்சத்தை அவள் முன்பக்கமாகவே நடந்து இறங்கினாள்.

ஓகம் மாவட்டத்துக்காரர்கள் அடுத்த வாரமே ரெண்டு டின் இறைச்சிப் பெட்டிகளோடு வந்து, தங்கள் கொக்கு மலையில் ஒருமுறை விழுந்து தரும்படி குனிந்து கேட்டுக்கொண்டார்கள். ஒக்புன் மறுக்காமல் காரில் ஏறிப் போனாள். மலையை ஏற இறங்கப் பார்த்தாள், கொட்டாவி விட்டாள். மலை ஓர் ஆள் உயரம் அமுங்கியது. அவர்கள் பதறியடித்து டாக்ஸி பிடித்து அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உச்சிக் கல்லில் இப்போது எண் எதுவும் செதுக்குவதில்லை; அன்றன்றைக்கு ஒக்புனின் மனசைப் பொறுத்துக் குன்று ஏறி இறங்குகிறது. எவ்வளவு உயரம் என்று கேட்கிற, பஸ்ஸில் வந்தவர்களுக்குப் பொங்ஜா அடையைத் திருப்பிக்கொண்டே, "அக்கா இன்னும் கத்தலையே, கொஞ்சம் இருங்க" என்கிறாள். அவர்களும் ரெண்டு கோலையும் சாய்த்து வைத்துவிட்டு, பழைய கல்லில் உட்கார்ந்து காத்திருக்கிறார்கள்.