கசார்வாடிப் பட்டறையில் எடுத்த படம்

அன்று கசார்வாடிப் பட்டறைக்குள் இருந்தவர்கள் நான்கு பேர். இந்த வடக்கத்தி ஊரின் தமிழ்க் கிறிஸ்தவச் சபையில் இருபத்திரண்டு வருடம் செயலாளராக இருந்த தேவநேசனாகிய நான். என் மனைவி ஆரோக்கியமணி. என் தம்பி ஜெர்சனின் மகள் கிளாரிசா. கதவைத் திறந்துவிட்ட காவலாளி பத்மாகர். வேறு யாரும் இல்லை.

கிளாரிசா பாழடைந்த கட்டடங்களின் உட்புறத்தைப் படம் எடுப்பவள். ஃப்ளாஷ் போடமாட்டாள். உடைந்த கூரையிலும் அழுக்குக் கண்ணாடியிலும் கசிந்து வரும் வெளிச்சமே போதும் என்பாள். உள்ளே எதையும் தொடக்கூடாது, தூசியைக்கூட ஊதக்கூடாது என்பது அவளுடைய சட்டம். இடிக்கப்போகிற ஒரு லேத் பட்டறைக்கு மறுநாள் போவதாகச் சாப்பிடும்போது சொன்னாள். பட்டறையின் பெயரைக் கேட்டதும் நானும் வருகிறேன் என்றேன். ஆரோக்கியமணி என்னைப் பார்த்தாள். பிறகு தானும் வருவதாகச் சொன்னாள்.

ஏன் போனேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்சன் நான்கு வருடம் அந்தப் பட்டறையில்தான் இருந்தான். 2006 கிறிஸ்துமஸ் ஆராதனைக்குக் குடித்துவிட்டு வந்து, திருவிருந்துக்கு முழங்காலிட்ட இடத்திலேயே, சபை முழுவதும் பார்க்க வாந்தி எடுத்தான். அந்த ஆலயத்தைக் கட்டுவதற்குக் கல் சுமந்தவர் எங்கள் அப்பா. அன்று மாலையே அவனை வீட்டைவிட்டு அனுப்பினேன். மூடிக்கிடந்த பட்டறையில் காவல் வேலை வாங்கிக் கொடுத்ததும் நான்தான். மனைவியை இழந்தவன் அவன். ஒன்பது வயதுக் கிளாரிசாவை நாங்கள் வளர்த்தோம். மஸ்கட்டில் வேலை கிடைத்துப் போய்விட்டான் என்று அவளிடமும் சபையிடமும் சொன்னேன். 2010இல் மஸ்கட்டில் இறந்துவிட்டான் என்று அறிவித்ததும் நானே. உண்மை ஆரோக்கியமணிக்கு மட்டும் தெரியும். அங்கே போகக்கூடாது என்று அவளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவன் இறந்தபோது அவசரத்தில் துணிமணியை மட்டுமே அள்ளிவந்தேன். வேறு ஏதாவது மிச்சம் கிடந்து, இந்தப் பெண் கண்ணில் பட்டுவிட்டால் என்ன செய்வது?

காலை பதினொரு மணி. வெளியே நல்ல வெயில். உள்ளே லேத்துகளைப் பெயர்த்தெடுத்த இடங்களில் போல்ட்டுகள் மட்டும் தரையிலிருந்து நீட்டிக்கொண்டிருந்தன. ஜெர்சன் தங்கியிருந்த பின்னறையில் என் கையே எனக்குத் தெரியவில்லை. கண் பழகப் பத்து நிமிடம் ஆயிற்று. அப்போதுதான் சுவரில் அந்த அட்டையைப் பார்த்தேன்.

புத்தாண்டு ஆராதனையில் எங்கள் சபை குடும்பத்துக்கு ஒன்றாகக் கொடுக்கும் வாக்குத்தத்த அட்டை. வருடமும் பைபிள் வசனமும் அச்சில் இருக்கும். அடியில் குடும்பத் தலைவரின் பெயரைச் செயலாளர் கையால் எழுதவேண்டும். ஜெர்சனுக்கும் வருடாவருடம் எழுதினேன். மஸ்கட்டில் இருப்பவனுக்கு எழுதாமல் விட்டால் நாலு பேர் கேட்பார்களே. அந்த அட்டைகள் வீட்டு அலமாரியில் கிடக்கின்றன என்றுதான் நினைத்திருந்தேன்.

கிழிக்க வழியில்லை. கோந்து போட்டு ஒட்டியிருந்தது. கிளாரிசா எதிரிலேயே ட்ரைபாடை விரித்துக்கொண்டிருந்தாள். நான் போய் அட்டைக்கு முன்னால் நின்றுகொண்டேன்.

“பெரியப்பா, ஃப்ரேம்ல வர்றீங்க. தோடா நகருங்க, கொஞ்சம் தள்ளி.”

“என்னையும் சேத்து எடு.”

அவள் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத்தில் என்னைப் படம் எடு என்று நான் அவளிடம் கேட்டதில்லை. “பெரியம்மா, இன்னிக்கு மழதான் போங்க,” என்றாள். அசையாமல் நிற்கச் சொல்லிவிட்டு டைமர் பொத்தானை அழுத்தினாள். தன் நிழல் விழாமலிருக்க அறைக்கு வெளியே போய்விட்டாள்.

க்ளிக் என்று கேட்டது. ஸ்டூடியோக்களில் எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அந்தச் சத்தம் கேட்டால் படம் முடிந்தது. சிறிது நேரம் நின்றுவிட்டு முன்னறைக்கு வந்தேன். அரை இருட்டில் எடுக்கும் படத்துக்குக் காமிரா இரண்டு நிமிடம் கண் திறந்தே இருக்கும் என்பது எனக்குத் தெரியாது.

“அதுக்குள்ள வந்துட்டீங்களா?” அவள் சிரித்தாள். “ஆவி மாதிரில்ல வருவீங்க.” இன்னொன்று எடுக்கட்டுமா என்று கேட்டாள். கால் வலிக்கிறது என்றேன்.

வியாழக்கிழமை சாப்பாட்டு மேசையில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள். அந்த அறையில் எங்கள் கண்ணுக்கு எட்டாததெல்லாம் படத்தில் துலக்கமாக இருந்தது. ஆணியில் ஒரு துண்டு. மூலையில் ஒரு ஸ்டவ். நான் மட்டும் புகைபோல நின்றேன். என் நெஞ்சின் வழியாக அட்டை முழுதும் தெரிந்தது. அவள் அதைப் பெரிதாக்கினாள். 2009. அடியில் ஜெர்சனின் பெயர்.

“இது ஒங்க கையெழுத்து,” என்றாள்.

சமையலறை வாசலில் ஈரக் கையோடு ஆரோக்கியமணி நின்றாள்.

“நாந்தாம்மா கொண்டு குடுத்தேன். மாசத்துல ரெண்டு தரம் சோறு கொண்டுட்டுப் போவேன். ஒங்க பெரியப்பாவுக்குத் தெரியாது.”

பெண்கள் சங்கக் கூட்டம் என்று சொல்லிவிட்டுப் போன நாட்கள் அவை. நாற்பத்தெட்டு வருடம் என்னோடு வாழ்ந்தவள் செய்ததை, அந்தப் பிள்ளைக்குத் தெரிந்த அதே நிமிடத்தில்தான் நானும் தெரிந்துகொண்டேன்.

கிளாரிசா அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அப்பாவ எங்க வச்சிருக்கீங்க?”

“தளேகாவ் கல்லறைத் தோட்டத்துல,” என்றேன்.

“லோக்கல் ரயில்ல ஒரு மணி நேரம்,” என்றாள். லேப்டாப்பை மூடினாள்.

அன்று மாலையே பெட்டியோடு போய்விட்டாள். போன மாதம் நடந்த கண்காட்சியில் அந்தப் படத்தையும் வைத்திருந்தாளாம். நான் போகவில்லை. சபையார் போயிருக்கிறார்கள். சனிக்கிழமைதோறும் ஆரோக்கியமணி அவளோடு தளேகாவ் போகிறாள். எங்கே என்று நான் கேட்பதில்லை. திரும்பி வந்து எனக்குச் சோறு எடுத்துவைக்கிறாள், பேசுவதில்லை.

தம்பியை நான் பட்டறைக்குள் பூட்டி வைத்திருந்ததாக இப்போது சபையில் பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அந்த அறைக்கு வெளியே பூட்டே கிடையாது. தாழ்ப்பாள் உள்பக்கம்தான் இருந்தது. அவன் இறந்த மூன்றாம் நாள் நானும் ஒரு போலீஸ்காரரும் அதை உடைத்துத்தான் உள்ளே போனோம்.