பார்த்தேன் என்று ஒரு சொல்

முதுகைத்தான் பார்த்தேன். அவர் முதுகில் உப்புமூட்டையாக ஒட்டிக்கொண்டிருந்த பிள்ளையின் முதுகை. அவர் இடுப்பின் இரண்டு பக்கமும் தொங்கிய கால்களை. வலது காலில் மட்டும் கொலுசு கிடந்தது. இதில் சாவு எங்கே இருக்கிறது?

வள்ளித்தாய் இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. அடுக்களை நிலைக்கு உள்ளே, சுவரோடு சுவராக நின்றிருந்தாள். நிலைக்கு வெளியே அவள் கணவனின் அண்ணன் மந்திரமூர்த்தி சாப்பிட உட்கார்ந்திருந்தார். இலையில் போட்ட சோறு போட்டபடியே ஆறிக்கொண்டிருந்தது. தம்பி மனைவியிடம் அவர் நேராகப் பேசுவதில்லை. அந்த வீட்டில் அது வழக்கமில்லை. நடுவில் நின்ற தன் மனைவி உலகம்மாளைப் பார்த்துத்தான் கேட்டார்.

"என்ன சொல்லுதா? கேட்டுச் சொல்லு."

உலகம்மாள் உள்ளே திரும்பினாள். "ஏட்டி, கேக்காகல்லா. ஒரே ஒரு வார்த்தை. பாத்தேன்னு சொல்லு. மிச்சத்தை அவுக பாத்துக்கிடுவாக."

வள்ளித்தாய் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மந்திரமூர்த்தி இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்றைக்கும் அவர் சாப்பிடவில்லை. அது நடிப்பு இல்லை என்பதும் வள்ளித்தாய்க்குத் தெரியும். தம்பியை நினைத்து அந்த மனுஷர் தோட்டத்தில் தனியாக உட்கார்ந்து அழுததை அவளே பார்த்திருக்கிறாள்.

இலஞ்சியில் அந்த வீட்டை 'ரங்கூன் வீடு' என்பார்கள். நிலை, கதவு, உத்தரம் எல்லாம் பர்மாத் தேக்கு. வள்ளித்தாயின் கணவன் சிவனணைந்தபெருமாள் ரங்கூன் அரிசி மில்லில் பத்து வருஷம் மூட்டை நிறுத்து அனுப்பிய பணத்தில் எழும்பிய வீடு. கல்யாணமான மறுமாதம் வள்ளித்தாயும் அவனோடு கப்பல் ஏறினாள். மகள் முப்பிடாதி அங்கேதான் பிறந்தாள். ஜப்பான்காரன் குண்டு போட்ட மார்கழியில் அவளுக்கு ஆறு வயது.

கப்பலில் இடம் கிடைக்காதவர்கள் எல்லாரும் நடந்தார்கள். இவர்களும் நடந்தார்கள். அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்கு வந்து சேர்வதற்குள் பிள்ளையின் இடது கால் கொலுசு ஒரு குடம் தண்ணீருக்குப் போயிருந்தது. கரையில் ஒரு படகு நின்றது. "சட்டிமுட்டியை நீ பிடி, புள்ளைய நான் தூக்குதேன்" என்று அவன் சொன்னான். பிள்ளை கனக்கிறாள் என்றுதான் சொன்னான். அவளும் பிள்ளையைக் கொடுத்துவிட்டு மூட்டையை வாங்கிக்கொண்டாள். கூட்டம் அவளைப் படகுக்குள் தள்ளியது. ஆண்களைக் கங்காணிகள் மறித்துவிட்டார்கள். ரோடு போடும் வேலைக்கு ஆள் வேண்டும், பத்து நாள் கல் சுமந்தவனுக்குத்தான் படகுச்சீட்டு என்றார்கள். அவன் திரும்பி அவர்களோடு வாதாடினான். அப்போதுதான் அந்த முதுகு. பிறகு படகு நகர்ந்துவிட்டது.

சித்திரையில் தென்காசி ரயிலடியில் அவள் இறங்கியபோது கையில் அந்தச் சட்டி இருந்தது. பிள்ளைக்குப் பதிலாகத் தான் சட்டியைச் சுமந்து வந்திருக்கிறோம் என்பது இறங்கிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அந்தச் சட்டியில் அவள் இன்றுவரை எதையும் சமைக்கவில்லை.

இப்போது ஆடி. ஆவணியில் மந்திரமூர்த்தியின் மகள் பார்வதிக்குக் கல்யாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. மாப்பிள்ளைக்கு ஊர் குத்துக்கல்வலசை. மாப்பிள்ளையின் தகப்பனார் வந்து தயவாகத்தான் சொல்லிவிட்டுப் போனார். பெண்ணின் சித்தப்பன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாத வீட்டில் எப்படிப் பந்தல் போடுவது? முகூர்த்தத்தன்று சாவுச் செய்தி வந்தால் தீட்டாகிவிடாதா? ஒன்று, ஆள் வரட்டும். இல்லை, காரியத்தை முடித்துவிடுங்கள்.

காரியத்தை முடிப்பதற்கும் ஒரு முறை இருந்தது. காணாமல் போனவனுக்குப் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க வேண்டும். அவன் செத்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி இருந்தால் மட்டும், ஐந்து நாளில் வரும் ஆடி அமாவாசையே போதும். குற்றாலத்து ஆற்றங்கரையில் தர்ப்பையால் ஓர் உருவம் செய்து, அதைக் கொளுத்தி, கரைத்துவிடலாம். அதே கரையில் மனைவியின் தாலியைக் கழற்றிவிடுவார்கள். பன்னிரண்டு வருஷத்துக்கும் ஐந்து நாளுக்கும் நடுவே இருந்தது வள்ளித்தாயின் ஒரு சொல்.

உலகம்மாள் அன்று மத்தியானம் மீண்டும் வந்தாள். இந்தத் தடவை அவள் குரலில் கெஞ்சல் இல்லை.

"சொல்ல மாட்டேன்னா நீ இங்கன எந்த மொறையில இருக்கே? பூவும் பொட்டுமா நிக்கே, புருசன் எங்கன்னு கேட்டா தெரியலங்கே. எம் மவ கல்யாணத்துக்கு உன்னை முன்னால நிறுத்தவா, பின்னால நிறுத்தவா? தாலி அறுத்துட்டேன்னு வை, ஒரு மூலை உனக்குன்னு இருக்கும். சோத்துக்கு யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாக. இல்லன்னா கொட்டகைக்குப் போயி அந்தப் பர்மாக்காரங்களோட கெட."

கொட்டகை தென்னந்தோப்பின் ஓரத்தில் இருந்தது. ஊறவைத்த தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கும் இடம். ரயிலடியில் போக்கிடம் இல்லாமல் கிடந்த பர்மா அகதிகள் பதினெட்டுப் பேரை மந்திரமூர்த்தி கூட்டிவந்து அங்கே தங்க வைத்திருந்தார். விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை அவர்கள் மட்டை அடித்தார்கள். இரண்டு வேளை கஞ்சி. கூலி என்று ஒன்று இல்லை. முன்பு கூலிக்கு மட்டை அடித்த உள்ளூர்ப் பெண்களை அவர் நிறுத்திவிட்டார். இலஞ்சியில் எல்லாரும் அவரைத் தர்மவான் என்றார்கள். ஒருநாள் கஞ்சி தண்ணீராக இருக்கிறது என்று யாரோ முனகியபோது, "வழியில செத்திருந்தா இதுவும் கெடையாதுல்லா?" என்று சிரித்தபடி கேட்டாராம்.

சாயங்காலம் கஞ்சிப் பானையைத் தூக்கிக்கொண்டு வள்ளித்தாய் கொட்டகைக்குப் போனாள். சாரல் பொடிப்பொடியாக விழுந்துகொண்டிருந்தது. உலகம்மாள் சொன்ன அந்த மூலையை அவள் மனம் சுற்றிச் சுற்றி வந்தது. காத்திருப்பது உடம்பு வேலையைவிட மோசமாக அவளை அடித்திருந்தது. தபால்காரன் தெருவில் திரும்பும்போதெல்லாம் அவள் கைவேலையைப் போட்டுவிட்டு நிலையருகே வந்தாள். சில காலைகளில் கண் விழித்ததும் ஒரு கணம், ஒரே கணம், அவர் செத்திருந்தால் நான் உட்கார்ந்துகொள்ளலாமே என்று தோன்றியிருக்கிறது. அப்படித் தோன்றிய நாள்களில் அவள் யார் முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தாள்.

பார்வதி நல்ல பெண். வந்த புதிதில் சிக்குப் பிடித்திருந்த வள்ளித்தாயின் தலையை மூன்று நாள் உட்கார்ந்து சிக்கெடுத்தவள் அவள்தான். அவளுக்காக ஒரு வார்த்தை சொன்னால் என்ன?

கொட்டகையில் சொரிமுத்து தனியாக உட்கார்ந்து நார் உதறிக்கொண்டிருந்தான். பாவூர்சத்திரத்துப் பக்கம் அவன் ஊர். பத்து மைல்கூட இல்லை. பக்கத்தில் ஊர் இருந்தும் அவன் ஏன் இங்கே கிடக்கிறான் என்று வள்ளித்தாய் இதுவரை கேட்டதில்லை. அன்று கேட்டாள்.

அவன் கஞ்சியைக் குடித்து முடித்துவிட்டுத்தான் பதில் சொன்னான்.

"நான் செத்துப் போனேன் தங்கச்சி. எங்க ஊருல போயி கேளு, கருமாதிச் சோறு திங்காதவன் ஒருத்தன் கெடையாது."

வழியில் அவன் காய்ச்சலில் விழுந்து கிடந்திருக்கிறான். அதே ஊர்க்காரன் ஒருவன் அவனைக் கடந்து நடந்து வந்திருக்கிறான். வந்தவன், பார்த்தேன், செத்துக் கிடந்தான் என்று சொல்லிவிட்டான். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. உயிரோடு கிடந்தவனை விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. சொரிமுத்து காய்ச்சல் தெளிந்து, நடந்து, ரயிலேறி ஊருக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

"வாசல்ல நிக்கேன். உள்ள வராதேங்காங்க. கருமாதி ஆனவனுக்கு வாசல் கெடையாதாம். கூரையைப் பிரிச்சு மேல கூடி எறங்கணுமாம். தொட்டில்ல போட்டுப் பேரு வைக்கணுமாம். சரி, அதையும் செய்யுங்கன்னேன். எம் பொண்டாட்டி கதவுக்குப் பின்னால வெள்ளைச் சேலையோட நிக்கா. அவளுக்கு என்ன வழின்னு கேட்டேன். நீ புதுசாப் பொறந்தவன், அவ அறுத்தவ, அறுத்தவளுக்குத் தாலி கட்டுத வழக்கம் நம்ம சாதியில கெடையாதுன்னுட்டாங்க." அவன் நாரை உதறினான். "பொறந்தும் கட்டப்பிரமச்சாரியா இருக்கதுக்கு எதுக்குத் தொட்டிலுன்னு வந்துட்டேன்."

அவன் சிரித்தான். வள்ளித்தாய்க்குச் சிரிப்பு வரவில்லை. பானையைத் தூக்கிக்கொண்டு தேக்குக் கதவு வரைக்கும் வந்தவள், பானையை இறக்கி வைத்துவிட்டு அங்கேயே நின்றாள். இந்தக் கதவுக்கு வெளியே தன் கணவர் நிற்பதை அவளால் பார்க்க முடிந்தது. அவர் முதுகிலிருந்து பிள்ளை எட்டிப் பார்ப்பாள். இவள் உள்ளே வெள்ளையில் நிற்பாள். அவர் பணத்தில் வந்த மரமே அவரை மறிக்கும்.

ஆடி அமாவாசையன்று குற்றாலத்தில் நிற்க இடமில்லை. அருவியின் இரைச்சலில் பக்கத்தில் நின்றவர் பேச்சே கேட்கவில்லை. அதனால் மந்திரமூர்த்தி கொஞ்சம் கீழே, ஆறு சமமாக ஓடும் இடத்தில் துண்டை விரித்திருந்தார். பங்காளிகள் ஏழெட்டுப் பேர் ஈர வேட்டியோடு நின்றார்கள். வள்ளித்தாயைக் கூட்டிவந்தபோது யாரும் அவளிடம் சம்மதமா என்று கேட்கவில்லை. வண்டியில் ஏறினாள், அதையே சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள். தாலி அறுத்தவளுக்குத் தாய் வீடு தர வேண்டிய கோடிச் சேலையை, அங்கே யாரும் மிஞ்சவில்லை என்பதால், உலகம்மாளே வாங்கி மடியில் வைத்திருந்தாள். வெள்ளைச் சேலை, கஞ்சி மொடமொடப்புப் போகாதது.

சாமான் கூடையைச் சுமந்து வந்தவன் சொரிமுத்து. கூடையை இறக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். நாலு குடும்பம் தள்ளி ஒருவன் இடுப்பளவு தண்ணீரில் நின்று எள்ளும் தண்ணீரும் இறைத்துக்கொண்டிருந்தான்.

"எந் தம்பி" என்று சொரிமுத்து வள்ளித்தாய்க்கு மட்டும் கேட்கும்படி சொன்னான். "எனக்குத்தான் விடுதான்."

அவன் குரலில் சிரிப்பு இல்லை. தம்பி கரையேறித் திரும்பியபோது அவன் கூடைக்குப் பின்னால் குனிந்துகொண்டான்.

ஐயர் தர்ப்பையை முடிந்து தலை, கை, கால் என்று ஓர் உருவம் செய்து வாழை இலையில் கிடத்தினார். ஒரு சாண் நீளம்கூட இல்லை. "குழந்தையும் கூடப் போயிருந்ததுன்னு சொன்னேளே, அதுக்கும் ஒண்ணு முடியணுமா?" என்று கேட்டார்.

"ஆறு வயசுப் பொட்டப்புள்ளைக்கு என்ன சாமி சடங்கு" என்றார் மந்திரமூர்த்தி. "ஒண்ணு போதும்."

ஐயர் தலையாட்டிவிட்டு, பார்த்த சாட்சி யார் என்று கேட்டார். பங்காளிகள் விலகி வழி விட்டார்கள். வள்ளித்தாய் அந்த இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பொம்மையின் முதுகு காலியாக இருந்தது.

"சொல்லுட்டி" என்றாள் உலகம்மாள்.

"நான் பாக்கல."

யாருக்கும் சரியாகக் கேட்கவில்லை. மறுபடியும் கேட்டார்கள். அவள் மறுபடியும் அதையே, அதே குரலில் சொன்னாள். உலகம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள். பங்காளிகளில் மூத்தவர், பொம்பளைக்கு மனசு கேக்காது, நாமளே முடிச்சிருவோம் என்றார். ஐயர் அதற்கு ஒப்பவில்லை. சாட்சி வாயால் வரணும் என்றார்.

மந்திரமூர்த்தி இரண்டு அடி முன்னால் வந்தார். கல்யாணமாகி அவள் அந்த வீட்டுக்குள் வந்த நாளிலிருந்து முதல்முறையாக, நடுவில் யாரும் இல்லாமல், நேராக அவளைப் பார்த்தார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"தாயி, எனக்கு மட்டும் ஆசையா? எந் தம்பி அவன். ஆனா எம் மவ வாழ்க்கை இப்ப உன் நாக்குல இருக்கு. ஒரு பொண்ணுக்காகச் சொல்லு."

வள்ளித்தாயும் நிமிர்ந்து அவரைப் பார்த்தாள்.

"எனக்கும் ஒரு பொண்ணு இருக்கா. நான் வந்து நாலு மாசமாச்சு. அவ எங்கன்னு இந்த வீட்டுல ஒருத்தரும் என்னைக் கேக்கல. அவுகளைப் பாத்தியா, பாத்தியான்னுதான் கேக்கிய."

அவர் இலையில் கிடந்த உருவத்தின் பக்கம் பார்வையைத் திருப்பினார்.

"அவ அவுக முதுகுல இருந்தா. வலது கால்ல கொலுசு கெடந்துச்சு. நான் பாத்தது அம்புட்டுத்தான். அதுக்கு மேல நான் பாக்கல."

"அப்ப வீட்டுக்கு வராதே" என்றாள் உலகம்மாள். கோபமாகச் சொல்லவில்லை, அழுதுகொண்டே சொன்னாள். "எந்த மூஞ்சியோட எம் மவ முன்னால வந்து நிப்பே?"

"கொட்டகையில இருந்துக்கிடுதேன் அக்கா. அவுக ரெண்டு பேரும் வந்தா, வாசலுக்குப் போகாம நேரா அங்கன வரச் சொல்லுங்க. பார்வதிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன்."

உலகம்மாள் என்ன செய்வது என்று தெரியாமல் கோடிச் சேலையை அவள் முன்னால் நீட்டினாள். இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்டினாள். சாரல் விழுந்து வெள்ளைத் துணியில் புள்ளி புள்ளியாக ஈரம் பரவியது. கஞ்சி இளகி மடிப்புத் தொய்ந்தது. பங்காளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஐயர் ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றார்.

வள்ளித்தாய் கையை நீட்டவில்லை.