ரோகிணியில் பிறந்தவன்

மூன்றாவது உதையில் தாழ்ப்பாள் பிய்ந்து, கதவு சுவரில் மோதியது. கையில் கார் ஜாக்கியின் இரும்பு லிவரோடு அன்புச்செல்வன் தங்கை வீட்டுக்குள் நுழைந்தான்.

அம்மா மண்டபம் சாலையில் விளக்கு போட்டு அரை மணிகூட ஆகவில்லை. சுபஸ்ரீ அப்போதுதான் குழந்தையைச் சேலைத் தொட்டிலில் கிடத்தியிருந்தாள். எட்டு மாதத்துக்கு முன்பு ரோகிணி நட்சத்திரத்தில் பிறந்த பையன். ரோகிணியில் ஆண் பிறந்தால் தாய்மாமனுக்கு ஆகாது என்பார்கள். அன்பு முதலில் சிரித்துக்கொண்டுதான் இருந்தான். பிறகு கொள்ளிடம் பாலத்தில் அவன் பைக்கை வேன் அடித்துக் கால் முறிந்து, இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தான். இன்று மதியம் லால்குடியில் அவனுடைய அரிசி மில் எரிந்துபோனது.

இந்தப் பையன் இருக்கும் ஊரில் தான் பிழைக்க முடியாது, இப்போதே எங்கேயாவது கொண்டுபோய்விடுங்கள் என்று கத்தினான். வருகிற மாதம் காதுகுத்து, பையனை மாமன் மடியில் உட்கார வைக்க வேண்டும் என்று சுபஸ்ரீ அழுதாள்.

அவள் கணவன் ரங்கசாமி நிதானமாகத்தான் சொன்னான். "மில்லுல வயரிங்கை மாத்துங்க மச்சான்னு ஒரு வருஷமா சொல்றேன். அதையும் எம்புள்ளதான் கெடுத்தானா?"

அன்புவின் முஷ்டி அவன் வாயில் இறங்கியது. ரங்கசாமி சரிந்தான், ஒரு பல் தரையில் விழுந்தது. எழ முயன்றவனின் விலாவில் உதைத்துவிட்டு அன்பு தொட்டில் பக்கம் திரும்பி லிவரை ஓங்கினான்.

தென்னூர் வீட்டிலிருந்து ஆட்டோவில் அவனைத் துரத்திக்கொண்டு வந்த அவன் மனைவி யமுனா அந்த நேரத்தில்தான் உள்ளே ஓடிவந்தாள். தொட்டிலுக்கு முன்னால் இடது கையை நீட்டினாள். எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது.

லிவர் தரையில் விழுந்தது. குழந்தை வீரிட்டது.

யமுனா கத்தவில்லை. வலது கையால் அவன் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப்போனாள். அவள் கோளரங்கத்தில் வானத்தை விளக்கிச் சொல்பவள். கல்யாணத்துக்கு முன்பு, அவள் குரலைக் கேட்பதற்காகவே ஞாயிறுதோறும் டிக்கெட் எடுத்து இருட்டில் உட்கார்ந்திருந்தவன் இவன். கூரையில் அவள் ரோகிணியைக் காட்டியதை எத்தனையோ முறை பார்த்தவன். ஜோசியரிடம் போகாதீர்கள் என்று அவள் தடுத்தபோதெல்லாம், "அது சயின்ஸ் ரோகிணி, இது ஜாதக ரோகிணி" என்று சொல்லிவிடுவான்.

"மேல பாருங்க," என்றாள். தலைக்கு மேலே ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி. "ரெண்டு ரோகிணி கெடையாது. இது ஒண்ணுதான். சூரியனை மாதிரி நாப்பது மடங்குக்கு மேல அகலம். நடுவுல எரிஞ்சுக்கிட்டிருந்த ஹைட்ரஜன் தீர்ந்துபோச்சு. அதான் இப்படி ஊதிப்போய் நிக்குது. ஊதினதால மேல்பக்கம் சூரியனைவிட சூடு கம்மி, அதான் இந்தக் கலர். இந்த வெளிச்சம் அங்கேர்ந்து கெளம்பி அறுபத்தஞ்சு வருஷம் ஆச்சு. அப்ப உங்கப்பாவுக்குக் கல்யாணம்கூட ஆகல. அதுக்கு உங்களைத் தெரியாதுங்க."

தொங்கிய கையை அவன் முகத்துக்கு நேரே தூக்க முயன்றாள். முடியவில்லை.

"இதை ஒடிச்சது அது இல்ல. நீங்க."

அன்பு தெருவிலேயே உட்கார்ந்துவிட்டான்.

மறுநாள் வந்து, வெளியே நின்றபடியே கதவைச் சரிசெய்து புதுத் தாழ்ப்பாள் போட்டான். யாரும் அவனிடம் பேசவில்லை. அண்ணன் மடியில் என் பிள்ளையை உட்கார வைக்க மாட்டேன் என்று சுபஸ்ரீ யமுனாவிடம் சொல்லி அனுப்பினாள்.

காதுகுத்து அன்று பையன் அத்தை மடியில் இருந்தான். மாவுக்கட்டுப் போட்ட கையால் யமுனா அவனை அணைத்துக்கொண்டாள். ரங்கசாமி பல் போன இடத்தை நாக்கால் தடவியபடி பக்கத்தில் நின்றான். ஆசாரி ஊசியை எடுத்தார்.

சீர்த்தட்டோடு வாசலில் நின்ற அன்புவுக்குக் குழந்தையின் அலறல் கேட்டது. கை தானாகக் கதவுக்குப் போனது. கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான். உள்ளேயிருந்து யாராவது திறக்கும்வரை நிற்பதென்று நின்றான்.