ஆறு என்று வந்த ரிப்போர்ட்

வீட்டில் அவனுக்கு வாலு என்று பெயர். வயது இருபத்தாறு. இருப்பது கடல் தாண்டி, அவன் வேலை பார்க்கும் ஓட்டல் சலவைக்கூடத்துக்கு மேலே, மூன்று கட்டில் போட்ட ஓர் அறையில்.

முடக்குவாதம் என்று டாக்டர் சொன்னபோது, "அது வயசானவங்களுக்குத்தானே வரும்?" என்று கேட்டான். யாருக்கும் வரும் என்றார் அவர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். உள்ளே வீக்கம் எவ்வளவு என்று சி.ஆர்.பி. என்ற எண் காட்டிக்கொடுக்கும். எண் ஏறினால் மருந்தும் ஏறும். முதல் தடவை நாற்பத்தெட்டு.

அதைப் போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பியதுதான் வினையாகிவிட்டது. அம்மா இரண்டு நாள் சாப்பிடவில்லை. மாமா போனைப் பிடுங்கி, "வேலையும் வேணாம் மண்ணும் வேணாம், கிளம்பி வா" என்று கத்தினார். வந்து? அக்கா வீட்டு மாடியில் எத்தனை நாள் உட்கார்ந்து தின்பது?

மருந்தை ஏற்றினால் கம்பெனிக்குக் கடிதம் போகும், மறுநாளே விமானம்தான் என்று பக்கத்துக் கட்டில் சமையல்காரர் வேறு பயமுறுத்தினார். மூச்சிரைப்புக்கு வாங்கிய ஸ்டீராய்டு மாத்திரை அட்டை அவரிடம் இருந்தது.

"ரத்தம் குடுக்கறதுக்கு ஒரு வாரம் முன்னாடி போடு தம்பி. வீக்கம் போன இடம் தெரியாது."

போட்டான். காலையில் பூட்டிக்கொள்ளும் விரல்கள் விட்டுக்கொடுத்தன. எண் ஆறு.

ரிப்போர்ட்டை அனுப்பியதும் அக்கா கூப்பிட்டாள். "டேய் வாலு! பத்தாவதுல கணக்குல ஆறு வாங்கினப்ப அப்பா பெல்ட்டை எடுத்தாரு. இப்ப அதே ஆறை அம்மா தெரு முழுக்கச் சொல்லிட்டு வர்றாங்க. அடுத்த தடவை அஞ்சு வாங்குடா."

"படிச்சிடறேன்க்கா" என்றான்.

படித்தும்விட்டான். ஐந்து வந்தது, பிறகு நாலு. "வலி இருக்கா?" என்று டாக்டர் கேட்பார். "இல்ல சார்" என்று கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வான். வெளியே அறுபது பேர் காத்திருப்பார்கள். பழைய மருந்தே தொடரும். மாத்திரை போடாத வாரங்களில் படுக்கை விரிப்புகளை முழங்கையால் மடித்தான்.

ஐந்தாவது தடவை ரத்தம் எடுத்த நர்ஸ், பஞ்சை வைத்து, "அழுத்திப் பிடிப்பா" என்றார். பஞ்சு நழுவி விழுந்தது. மறுபடி வைத்தார். மறுபடி விழுந்தது.

"சட்டைக்குப் பட்டன் யாருப்பா போட்டுவிட்டது?"

அவன் தரையைப் பார்த்தான். "ரூம்ல இருக்கற அண்ணன்."

நர்ஸ் அவனை அப்படியே டாக்டரிடம் கூட்டிப்போனார்.

எக்ஸ்ரேயில் விரல் மூட்டுகளின் ஓரம் கரையான் அரித்தது போல இருந்தது. என்ன மாத்திரை போட்டாய் என்று டாக்டர் கேட்டார். சொன்னான். கம்பெனிக்குப் போகும் கடிதத்துக்குப் பயந்ததையும் சொன்னான். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"லெட்டரா? உன் வைத்தியத்தைப் பத்தி கம்பெனிக்கு நான் எதுக்குப்பா எழுதப்போறேன்?" என்றார். படத்தை அவன் பக்கம் திருப்பினார். "நம்பரைத்தான் நீ அடக்கின. நோய் அதுபாட்டுக்கு எலும்பைத் தின்னிருக்கு. நானும் ஒரு தடவை கையைத் தொட்டுப் பாத்திருக்கணும். ஊசி ஆரம்பிக்கறேன். இனிமே மூட்டு போறதைத் தடுக்கலாம்."

"மடங்கின விரல் சார்?"

"அது அப்படியேதான் இருக்கும்."

ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தபோது அக்காவின் செய்தி வந்திருந்தது: 'இந்தத் தடவை எவ்வளவுடா? அம்மா வாசல்லயே நிக்கறாங்க.'

விரலால் எழுதுவதை விட்டு நாலு மாதமாகிறது. போனை வாயருகே கொண்டுபோனான். சொன்னதை மூன்று முறை அழித்தான். கடைசியில் போனது இதுதான்:

'அக்கா, ஆறுல இருந்து வந்த நம்பர் எல்லாம் மாத்திரை போட்டு வர வச்சது. வலது கையில ரெண்டு விரல் இனி நிமிராது. மருந்து மாத்தியிருக்காங்க, பயப்படாதே. அம்மாகிட்ட என்னால சொல்ல முடியாது. பக்கத்துல உக்காந்து நீ சொல்லிடு.'