அரிசி டின்னுக்குள் இருந்த மாத்திரைகள்

“கொலைக்கு முன்னாடியே புத்தி சரியில்லன்னு காட்ட ஒரு ஆஸ்பத்திரிச் சீட்டு வேணும்மா,” என்றார் வக்கீல், பூந்தமல்லி கோர்ட் வாசலில்.

குல்ஷன் தலை குனிந்தாள். மகன் ராஷித்தின் சீட்டுகளையெல்லாம் நிக்காஹ்வுக்கு முந்தின வாரமே எரித்துவிட்டாள். பெண் வீட்டுக்குத் தெரியக்கூடாதே! பெரிய சாமர்த்தியம். அந்த மருமகள் சைமாவைத்தான் அவன் குழவிக்கல்லால் அடித்துக் கொன்றான்.

சைமாவின் துணிகளை அவள் தாய்வீட்டுக்கு அனுப்ப மூட்டை கட்டும்போது புர்கா மடிப்பில் ஒரு சீட்டு கிடைத்தது. நோயாளி ராஷித், கூட வந்தவர் சைமா.

மறுநாளே வக்கீல் அந்த டாக்டரைப் பார்த்துவிட்டு வந்தார். “இத வெச்சு வாதாடலாம்மா. உங்க மனசு ஒடஞ்சிடும்னு மறைச்சே மாத்திர குடுத்துகினு இருந்துருக்கு அந்தப் பொண்ணு. நடுவுல மாத்திர ஏன் நின்னுச்சுன்னுதான் தெரியல.”

குல்ஷனுக்குத் தெரியும். கொலைக்கு முந்தின வாரம் அரிசி டின்னுக்குள் மாத்திரை அட்டைகள் கிடந்தன. தான் எப்போதோ ஒளித்த பழசு என்று நினைத்து, சைமா பார்ப்பதற்குள் சாக்கடையில் வீசினாள்.

அன்று சாயங்காலம் சைமா அந்த டின்னைத் துழாவிக்கொண்டே இருந்தாள்.

“இன்னாம்மா தேடுற?”

“ஒண்ணுமில்ல மாமி.”