இரண்டு பத்து, இடது பக்கம்

பிரசவமாகி ஒன்பதாம் நாள். ஜன்னல் திரை காற்றில் உப்பி அடங்கும்போதெல்லாம் அறையே மூச்சு விடுவது போலிருந்தது. நான் விழித்திருக்கிறேனா தூங்குகிறேனா என்று யாராவது கேட்டால் திருதிருவென்று விழித்திருப்பேன்.

ஆனால் தாள் விஷயத்தில் நான் கெட்டிக்காரி. எத்தனை மணிக்கு, எந்தப் பக்கம், எவ்வளவு நேரம் பால் கொடுத்தேன் என்று மருத்துவமனையில் எழுதச் சொன்ன தாளில் ஒரு வேளையைக்கூட விட்டதில்லை.

பிள்ளை பெற்ற வீடுகளுக்கு நர்ஸ் வந்து பார்க்கும் ஏற்பாடு அந்த மாதம்தான் எங்கள் தெருவுக்கும் வந்திருந்தது. நான்கு மாடி ஏறி வந்த சிஸ்டர், கை கழுவிவிட்டுக் குழந்தையின் துணியைக் கழற்றி, உடம்பெல்லாம் பார்த்து, எடை மெஷினில் கிடத்தினார். நான் மடியில் தாளும் கையில் பேனாவுமாக நாற்காலியில் கண் செருகிக் கிடந்தேன்.

"பிறந்தப்போ இருந்ததைவிட முந்நூத்தம்பது கிராம் கம்மி. நாளன்னைக்கு வருவேன். அப்பவும் ஏறலைன்னா ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் ஆகணும்."

"ஒரு நாளைக்குப் பன்னெண்டு தடவை குடிக்கிறானே சிஸ்டர்!" என்று தாளை நீட்டினேன்.

"அவ எழுதினா எழுதினதுதான்" என்று என் வீட்டுக்காரர் ஒத்து ஊதினார்.

சிஸ்டர் கடைசி வரியில் விரலை வைத்தார். "ரெண்டு பத்து, இடது பக்கம், இருபது நிமிஷம். இப்ப மணியே ரெண்டேகால்தான். ரெண்டு மணியிலேருந்து பிள்ளை என் கையிலல்ல இருக்கான்?"

எனக்கு நன்றாக நினைவிருந்தது. மடியில் அவன் சூடு, கழுத்தில் அவன் விரல். அத்தனையும் கனவு. இப்படி எத்தனை வேளையைக் கனவில் கொடுத்துவிட்டு எழுதிவைத்தேனோ! வெட்கம் பிடுங்கித் தின்றது. விம்மி விம்மி அழுதேன்.

"நீ பொய் எழுதலம்மா. உனக்குத் தூக்கம் இல்ல, அவ்வளவுதான்."

சிஸ்டர் பேனாவை என்னிடமிருந்து வாங்கி வீட்டுக்காரர் கையில் திணித்தார். "இனிமே எழுதுறது உங்க வேலை. ரெண்டு மணி நேரத்துக்கொரு தரம் ரெண்டு பேரையும் எழுப்பிவிடுங்க. சமையல், துணி, பார்க்க வர்றவங்க எல்லாம் உங்க பொறுப்பு."

அவர் அதையும் தாளின் ஓரத்தில் எழுதிக்கொண்டார்.

சிஸ்டர் பிள்ளையின் உள்ளங்காலைச் சுரண்டி எழுப்பி என் மார்போடு பொருத்தினார். "முழுங்குற சத்தம் கேக்குதா?" கேட்டது. கனவில் வலித்ததே இல்லை, இது வலித்தது.

மூன்றாம் நாள் எண்பது கிராம் ஏறியிருந்ததாம். வீட்டுக்காரர் என்னை எழுப்ப ஓடி வந்தாராம்.

"அடுத்த பாலுக்கு இன்னும் முக்கால் மணி இருக்கு. அப்புறம் சொல்லிக்கலாம்" என்று சிஸ்டர் தடுத்துவிட்டாராம்.

அந்த முக்கால் மணி நேரமும் எனக்குக் கனவே வரவில்லை.